பதினேழாம் நம்பர்

பச்சை டோக்கன் ஆணியில் இல்லை. விஜயகுமாரி மூன்றாவது தடவையாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஈயக் கம்பியை மறுபடி கையில் எடுத்தாள். அவள் மேசையின் ஓரத்தில் பதினாறு என்று எழுதியிருந்தது. பக்கத்து மேசை பதினேழு, ஆக்னஸுடையது.

"யார்கிட்டக்கா இருக்கு?"

"பத்மாகிட்ட. இப்பத்தான் போனா. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ."

"பல்லைக் கடிச்சு என்ன பண்றது, வலி அங்கயா இருக்கு?"

ஆக்னஸ் சிரித்துவிட்டாள். விஜயகுமாரியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஈயம் உருக்கும் அயர்னை வைத்தாள். சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டருக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஷெட்டில் தண்ணீர் குடிக்கத் துணிச்சல் வேண்டும்.

செகந்திராபாத்துக்கு வெளியே, குஷாய்குடாவைத் தாண்டிப் போகிற சாலையில், மின்சார மீட்டருக்கான போர்டுகளில் கையால் ஈயம் வைக்கிற சின்னக் கம்பெனி அது. இரண்டு வரிசை மேசைகளில் முப்பது பெண்கள். முப்பது பேருக்கும் ஒரே டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும், எட்டு நிமிடத்தில் திரும்பி வந்து சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டும்போது சூப்பர்வைசர் தீபக் கடிகாரத்தைப் பார்ப்பான். செகந்திராபாத்தில் ஆக்னஸின் தெருவிலேயே வளர்ந்த பையன். அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். ஆன்ட்டி போய்வந்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பான்.

பத்மா திரும்பி வரவில்லை. விஜயகுமாரி அயர்னை ஸ்டாண்டில் சொருகிவிட்டு எழுந்தாள். டோக்கன் இல்லாமல், கழுத்தில் ஒன்றும் இல்லாமல், வரிசையின் நடுவே நேராக நடந்து போனாள். எல்லோரும் பார்த்தார்கள். தீபக் நோட்டில் எழுதினான்.

மறுநாள் காலையில் கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. "ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கச் சொன்னாங்க," என்றான் வாட்ச்மேன். ஒரு மாதம் போனவர்கள் யாரும் அங்கே திரும்பி வந்ததில்லை.

அன்று மதியச் சாப்பாட்டில் பேச்சை ஆரம்பித்தது அம்மணி. இருபத்திரண்டாம் நம்பர். கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாகியும் பேச்சில் ஊர் போகாதவள்.

"வேலையை நிறுத்துனா ஆகாதுங்க்கா. போன தடவை மூணு பேரு முன்னால போய் நின்னாங்க. அடுத்த நாளே மூணு பேருக்கும் கணக்கு முடிஞ்சுது. முன்னால யாருமே நிக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி வேணும்."

"முன்னால நிக்காம எப்படி?" என்றாள் பத்மா.

"நம்பர் ஒட்டாம இருந்துரலாம்."

ஒவ்வொருத்தி மேசையிலும் அவரவர் நம்பர் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர் ரோல் ஒன்று இருக்கும். ஒரு போர்டு முடிந்ததும் அதன் மூலையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி நீல டிரேயில் வைக்க வேண்டும். எது யார் செய்தது என்று தெரிவதற்கு. புதன்கிழமை தோறும், போர்டு வாங்குகிற கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து சோதனை மேசையில் உட்கார்ந்துவிடுவார். நம்பர் இல்லாத போர்டை அவர் தொடக்கூட மாட்டார். அவர் எதிரில் உட்கார்ந்து யாரும் பொய் நம்பர் ஒட்டவும் முடியாது.

"புதன்கிழமை எல்லாரும் வேலை செய்யறோம். ஒழுங்கா செய்யறோம். ஒருத்தி நம்பரும் இல்லை. அப்புறம் யாருன்னு துரத்துவாங்க?" என்றாள் அம்மணி. "டோக்கன் போகோணும். விஜயகுமாரி உள்ள வரோணும். அவ்வளவுதான்."

பத்மா அதைத் தெலுங்குக்காரப் பெண்களுக்குச் சொன்னாள். கோரிக்கைக் காகிதத்தை இங்கிலீஷில் எழுதித் தர ஆக்னஸ் ஒப்புக்கொண்டாள். கான்வென்டில் படித்த கையெழுத்து, மணி மணியாக இருக்கும். கீழே யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் முடிவாயிற்று.

"விஜிக்கு நான் செய்யாம யார் செய்வா?" என்றாள் ஆக்னஸ். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அவளுக்கு ஒரு வருடமாக வலது கண்ணில் புகை படர்ந்ததுபோல மங்கல். போர்டின் நடுவில் இருக்கும் கறுப்பு ஐ.சி. சிப்பின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாகத் தெரியும். விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். வீட்டில் புருஷன் யேசுதாஸுக்குச் சர்க்கரையில் கால் போய், பஸ் ஓட்டுகிற வேலையை விட்டு இரண்டு வருடம். மகள் எமி ஏ.எஸ்.ராவ் நகரில் காலேஜில் படிக்கிறாள். இந்த ஒரு வருடமும் ஆக்னஸின் போர்டுகளில் ஐ.சி.யின் கால்களுக்கெல்லாம் ஈயம் வைத்தது விஜயகுமாரிதான். சத்தமில்லாமல் ஆறாறு போர்டாக இழுத்து முடித்துத் தள்ளிவிடுவாள். அதன் மூலையில் ஆக்னஸ் பதினேழை ஒட்டுவாள்.

புதன்கிழமை காலையில் அயர்ன்கள் சூடேறின. காகிதம் தீபக்கின் மேசையில் கிடந்தது, வைத்தது யாரென்று தெரியாது. பெண்கள் ரோல்களை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்கள். ஆக்னஸும் போட்டிருக்கலாம். போடவில்லை. இடது மணிக்கட்டுக்குப் பக்கத்தில், இருபத்தொரு வருடமாக அது இருக்கிற இடத்திலேயே ரோல் இருந்தது.

முதல் சில போர்டுகளை அவள் கவனமாகத்தான் வைத்தாள். ஒட்டக் கூடாது, ஒட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். பிறகு ஐ.சி. வந்தது. பதினாறாம் மேசை காலி. இழுத்துக்கொள்ள யாரும் இல்லை. அவள் முகத்தைப் போர்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய், இடது கண்ணை மட்டும் திறந்து, ஒவ்வொரு காலாக எண்ணி ஈயம் வைத்தாள். ஈயப் புகை கண்ணில் ஏறி நீர் வடிந்தது. இரண்டு மணி நேரம் அவள் உயிரெல்லாம் அந்த எட்டுக் கால்களில்தான் இருந்தது. கைகள் தம்பாட்டுக்கு வேலையைப் பார்த்தன.

பதினொரு மணிக்கு மேனேஜர் அச்யுத் மேலேயிருந்து இறங்கி வந்தான். முப்பது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேசாதவன். சோதனை மேசையில் இன்ஸ்பெக்‌ஷன்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் நீல டிரேக்கள் அடுக்காக நின்றன.

"நம்பர் எங்கே?" என்று தெலுங்கில் கேட்டான்.

யாரும் நிமிரவில்லை.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

அவன் வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான், திரும்பி வந்தான். யாரைப் பார்த்து எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நிமிடம் ஆக்னஸுக்குத் தன் வயசே குறைந்துவிட்டதாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த ஷெட்டில் ஒரு மேனேஜர் திணறி அவள் பார்த்ததில்லை.

"சார், இங்க பாருங்க," என்றான் தீபக். ஒரு டிரேயைக் கவிழ்த்து ஒன்பது போர்டுகளைத் தனியே எடுத்து வைத்தான். ஒன்பதிலும் மூலையில் மஞ்சளாக ஸ்டிக்கர் இருந்தது. "பதினேழு. எல்லாம் பதினேழு."

ஆக்னஸ் தன் ரோலைப் பார்த்தாள். நுனியில் ஒன்பது இடம் வெறும் காகிதமாகத் தொங்கியது. இடது கட்டை விரலைப் பார்த்தாள். அதுதான் ஒட்டியிருக்கிறது, அவளைக் கேட்காமலே. காதுமடல் வரை சூடாக ஏறியது. எல்லா முகமும் திரும்பின.

அச்யுத் மேசைக்கு வந்தான். "ஆக்னஸ் அம்மா," என்றான் மரியாதையாக. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த ஒருத்தங்களுக்குத்தான் ஒழுங்கு தெரியுது. சரி, இப்ப ஒட்டிடுறவங்க மேல எந்த ஆக்‌ஷனும் இல்லை. நான் பொறுப்பு," என்றான்.

பழக்கத்தில் ஒட்டிவிட்டேன் சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆக்னஸின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பின் வரிசையில் ஒரு டிராயர் கிறீச்சிட்டது. இன்னொன்று. பத்மாவின் கை தன் டிராயர் பிடிக்குப் போய்விட்டது.

அப்போது அம்மணி எழுந்து நின்றாள்.

"அக்கா கைப்பழக்கத்துல ஒட்டிட்டாங்க சார். அவங்களும் எங்களோடதான். எல்லாருமாச் சேர்ந்துதான் ஒட்டாம இருக்கோம். டோக்கனைக் கழட்டுங்க, விஜயகுமாரியைக் கூப்பிடுங்க. அஞ்சு நிமிசத்துல அத்தனையும் ஒட்டிக் குடுக்கறோம்."

தெலுங்கும் தமிழுமாக அவள் சொல்லி முடித்தபோது பத்மாவின் கை டிராயரிலிருந்து எடுபட்டுவிட்டது. ஆனால் முன்னால் யாருமே நிற்கக் கூடாது என்று சொன்னவள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அச்யுத் அம்மணியை நன்றாகப் பார்த்துக்கொண்டான். பிறகு ஆக்னஸிடம் திரும்பினான். "அப்படியா அம்மா? நீங்களும் இவங்க கூடவா? உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள் ஆக்னஸ். "நான் எப்பவும் போல ஒட்டினேன்."

சொன்னது அவள் குரல்தான்.

அதற்குப் பிறகும் யாரும் ஒட்டவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தும் ஒட்டவில்லை. வெளியே லாரி நின்றது. மூன்றரை மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அந்தச் சத்தம் கேட்டதும் அச்யுத் தீபக்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். தீபக் போய் ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். விஜயகுமாரிக்குப் போன் போயிற்று. வரிசையாக டிராயர்கள் திறந்தன. சர்ர் சர்ரென்று ரோல்கள் உரிபட்டன. யாரோ சிரித்தார்கள், அது வரிசை முழுவதும் பரவியது. நாலைந்து பேர் வேண்டுமென்றே எழுந்து கைவீசிக் கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். ஆக்னஸின் பக்கம் யாரும் பார்க்கவில்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் யேசுதாஸ் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு விடு. உன் பேர் தப்பிச்சுது. கண்ணு விஷயம் வேற இருக்கு," என்றார். எமி செல்போனிலிருந்து நிமிர்ந்தாள். "மம்மி, உன்கோ ஸாரி போலே க்யா?" அவர்களிடம் ஸாரி சொன்னாயா என்கிறாள். ஆக்னஸ் சோற்று வடிதட்டை எடுக்க எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை விஜயகுமாரி வந்தாள். வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரை மேசைமேல் எல்லோரும் பார்க்க வைத்தாள். "எப்படிக்கா இருக்கீங்க?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பத்து மணிக்கு, ஒன்றும் பேசாமல் ஆக்னஸின் ஆறு போர்டுகளைத் தன் பக்கம் இழுத்து ஐ.சி.க்கு ஈயம் வைக்க ஆரம்பித்தாள்.

"நக்கோ, வேண்டாம் விஜி. நானே பார்த்துக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியாதேக்கா," என்றாள் விஜயகுமாரி. கண்ணைச் சொன்னாள். ஆக்னஸுக்கு உடம்பு குறுகிப் போயிற்று.

அன்று மாலை தீபக் ஒரு நீலக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். லைன் லீடர்கள் போடுவது. மற்றவர்களுக்கு வெள்ளை. "சார் கொடுக்கச் சொன்னாரு ஆன்ட்டி. திங்கக்கிழமை போட்டுட்டு வந்துடுங்க." வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினாள். காரணம் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாங்கி மடித்து, டிபன் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை அம்மணியைக் கேட்டில் நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். அவளுக்கு மட்டும் முடிந்திருந்தது. இருபத்திரண்டாம் மேசையில் ஒன்பது மணிக்கெல்லாம் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். தெலுங்குப் பெண், பயந்த முகம். தீபக் அம்மணியின் டிராயரைத் திறந்து, பாதி தீர்ந்த ரோலை எடுத்து ஆக்னஸிடம் நீட்டினான். "இதையே அவகிட்ட கொடுத்துடுங்க ஆன்ட்டி. எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?" ஆக்னஸ் நீலக் கோட்டில் எழுந்து போய், இருபத்திரண்டு இருபத்திரண்டு என்று சுற்றியிருந்த ரோலைப் புதுப் பெண்ணின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஆக்னஸ் பஸ் பிடிக்காமல் அம்மணியின் வீட்டுக்கு நடந்தாள். குஷாய்குடாவில் மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுத்தான் கதவைத் தட்டினாள்.

"வாங்கக்கா. உக்காருங்க." அம்மணி ஸ்டூலைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். டீ வைத்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்து வந்த ஆக்னஸ் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சத்தியமா நான் வேணும்னு ஒட்டலை அம்மணி. கை அதுபாட்டுக்கு ஒட்டிடுச்சு. ஐ.சி.யைப் பார்த்துட்டே இருந்தேனா…"

"தெரியுமுங்க்கா. அதைத்தான் நான் அன்னைக்கே எல்லாரு முன்னாடியும் சொன்னனே." அம்மணி தன் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒட்டுனது பழக்கம். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. 'ஒண்ணும் தெரியாது'ன்னு சொன்னீங்க பாருங்க, அது எந்தப் பழக்கமுங்க்கா?"

ஆக்னஸ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழலாம் போலிருந்தது. அழுதால் அம்மணி எழுந்து வந்து சமாதானம் சொல்வாள். அந்த வெட்கம் வேறு வேண்டுமா என்று அடக்கிக்கொண்டாள்.

"டீ ஆறிரும், குடிங்க," என்றாள் அம்மணி.

புதன்கிழமை. ஷெட் ஜன்னலிலிருந்து கேட் தெரியும். கேட்டுக்கு வெளியே, மூன்றாவது நாளாக, அம்மணி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் டிபன் பை. வேலைக்கு வந்தவள் உள்ளே போவதற்கு நிற்பதுபோலவே நின்றாள். வாட்ச்மேன் அவள் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

ஆக்னஸ் நாலு போர்டு முடித்திருந்தாள். நாலிலும் பதினேழு. ஐ.சி.க்காக விஜயகுமாரி அடுத்த ஆறை இழுத்துக்கொண்டபோது, அவளுடைய நீல டிரே தற்செயலாகக் கண்ணில் பட்டது. போர்டுகளின் மூலைகள் வெறுமையாக இருந்தன. கண்தான் புகை என்று குனிந்து பார்த்தாள். ஸ்டிக்கர் இல்லை. விஜயகுமாரியின் ரோலும் மேசைமேல் இல்லை. பத்மாவின் மேசையிலும் இல்லை. ஆக்னஸ் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வரிசை நெடுக நடந்தாள். ஒரு மேசையிலும் ரோல் இல்லை. ஒரு போர்டிலும் நம்பர் இல்லை.

இருபத்திரண்டாம் மேசையில், வேலைக்கு வந்து மூன்று நாள்கூட ஆகாத அந்தப் பெண்ணின் டிராயரும் மூடியிருந்தது. அவள் டிரேயிலும் மஞ்சள் இல்லை. அவளிடம்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக்னஸ் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "விஜி," என்றாள் மெதுவாக. விஜயகுமாரி ஆக்னஸின் போர்டில் கடைசிக் காலுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பதினொன்றுக்கு முன்னாலேயே அச்யுத் இறங்கி வந்துவிட்டான். இந்த முறை டிரேக்களை அவன் பார்க்கவில்லை. நேராகப் பதினேழாம் மேசைக்கு வந்து, நாலு போர்டுகளையும் பார்த்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பாருங்க, மறுபடியும் நீங்க மட்டும்தான்." குரல் இதமாக இருந்தது. "இப்ப நீங்க லைன் லீடர் அம்மா. உங்களுக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடக்காது. தெரியுமா, தெரியாதா?"

இந்த முறை அவளுக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அது பொய்கூட இல்லை.

"தெரியும் சார்," என்றாள் ஆக்னஸ்.

அயர்ன்கள் நின்றன. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. பத்மாவின் முகம் வெளுத்துவிட்டது. விஜயகுமாரி தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் எல்லோரும் ஆக்னஸின் வாயையே பார்த்தார்கள். அச்யுத்தைப் பார்த்து அவர்கள் அப்படிப் பயந்து அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"சொல்லுங்க," என்றான் அச்யுத், பேனாவை எடுத்துக்கொண்டு.

ஆக்னஸ் முதல் போர்டை எடுத்து மூலையில் நகத்தை வைத்தாள். நல்ல பசை, லேசில் வரவில்லை. சுரண்டி எடுத்தாள். இரண்டாவதைச் சுரண்டினாள். மூன்றாவது கிழிந்து பாதியாக வந்தது, மீதியையும் எடுத்தாள். நாலு பதினேழும் கட்டை விரலில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பிறகு நீலக் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

கேட்டுக்கு வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது. அம்மணி டிபன் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.